கேள்வி தொலைந்துபோன விடைகள்

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் 12 சூத்திரங்கள். எல்லாம் சேர்த்து 40 வரி. கூடவே அவர் எழுதிய வார்த்திகம் என்ற உரைநடை விளக்கத்தையும் உதாரண வெண்பாக்களையும் விட்டுவிட்டால் பள்ளிக்கூடக் கொப்பியில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இதை இன்றைய தமிழில் எழுதுவதற்கு இவ்வளவு பாடா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தமிழிலிருந்து தமிழுக்குத்தானே? ஆளுக்கொரு எளிய உரை கடையில் கிடைக்கிறதே?

கிடைக்கிறது. பலவற்றை வாங்கிப் படித்திருக்கிறேன். சொல் எல்லாம் எளிதாக இருக்கும், பந்தி பந்தியாக ஓடும், படித்து முடித்தால் ஒன்றும் விளங்காது. உரை எழுதியவர்கள் மோசமானவர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்கள் விடையை மட்டும் பெயர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த நூல்களில் ஒவ்வொரு வரியும் யாரோ ஓர் ஆளுக்குச் சொன்ன பதில். அந்த ஆள் என்ன கேட்டான் என்பது வரியில் இருக்காது. அன்றைக்குப் படித்தவர்களுக்கு அது தெரியும், எழுதத் தேவையில்லை. இன்றைக்கு அவனும் இல்லை, அவன் கேள்வியும் இல்லை. பதில் மட்டும் தனியாக நிற்கிறது, ஏதோ அருள்வாக்கு மாதிரி. நாமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்களுடையது இந்த நூல்களைப் படிக்கிற ஒரு சின்னக் கூட்டம். சனிக்கிழமை பின்னேரம், ஒரு கோயில் மடத்தின் பின்னறையில். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா, அவருடைய சம்பந்தி, பாடசாலையில் சைவநெறி படிப்பிக்கும் ஒரு டீச்சர், ஏ.எல். முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருக்கும் இரண்டு பிள்ளைகள், நான். கொஞ்ச நாளில் என் சிங்கள நண்பர் ஒருவரும் வந்து சேர்ந்தார். பாளி படிப்பித்து ஓய்வுபெற்றவர், என்னைவிட மூத்தவர், என்னை மல்லி, தம்பி, என்றுதான் கூப்பிடுவார். சூத்திரங்களைச் சிங்களத்திலும் எழுதிப் பார்ப்போமே என்று ஆரம்பித்தது அவர்தான். நானாகச் சொல்லியிருக்கமாட்டேன், எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

முதலில் சொல் சிக்கல்கள். எல்லாரும் இதைப் பற்றித்தான் எழுதுவார்கள், ஆகவே சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இறைவன், உயிர், கட்டு என்ற பொருளில் பதி, பசு, பாசம் என்று கரும்பலகையில் எழுதினால் இன்றைய பிள்ளைக்குக் கணவன், மாடு, அன்பு என்று கேட்கும். ஆணவம் என்றால் திமிர். உயிரின் அழுக்கைக் குறிக்கிற மலம் என்றதும் பின்வரிசையில் சிரிப்பு. சிங்களத்தில் ‘மல’ என்றால் பூ, எனவே அங்கே ஆணவ மலம் ஏதோ வாசனையான விஷயமாகிவிடுகிறது என்று நண்பர் சொல்லிச் சிரித்தார். மாயை இன்னும் கொஞ்சம் ஆபத்தானது. வேதாந்தத்தில் அது தோற்ற மயக்கம். சித்தாந்தத்தில் அது உள்பொருள், உடலும் உலகமும் ஆவதற்கான மூலப்பொருள். இவற்றையெல்லாம் அடிக்குறிப்பில் சரிசெய்துவிடலாம். அகராதி தீர்த்துவைக்கிற நோய்கள் இவை.

அகராதி தீர்க்காதது வேறு. முதற் சூத்திரத்தைப் பாருங்கள்:

அவன் அவள் அதுஎனும் அவை மூவினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்து உளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்

கடவுள் உண்டு என்று நிறுவுகிற சூத்திரம் இது என்று எல்லா உரையும் சொல்கிறது. கடவுள் என்ற சொல் எங்கே? சிவன் எங்கே? இல்லை. ஆண், பெண், அஃறிணை என்று சுட்டப்படுகிற இந்த உலகம் தோன்றி நின்று அழிவது. ஒடுங்கியது மறுபடி மலத்தின் பொருட்டுத் தோன்றுகிறது. முடிவுதான் முதல் என்பார்கள் அறிந்தவர்கள். அவ்வளவுதான். ‘என்மனார் புலவர்’ என்று தொல்காப்பியர் குரலில் வேறு முடிக்கிறார். ‘அவன் அவள் அது’ என்பதும் இலக்கணக்காரன் உலகத்தைப் பிரிக்கிற முறைதான்.

இப்போது கேள்விகளைத் திரும்ப வைத்துப் பாருங்கள். ஒருவன் கேட்கிறான்: உலகம் என்றைக்கும் இப்படியேதான் இருக்கிறது, அதைச் செய்ய ஒருவன் எதற்கு? அவனுக்கு முதல் வரி: இதில் உள்ள ஒவ்வொன்றும் தோன்றி நின்று அழிவதைக் கண்ணால் பார்க்கிறாயே, மொத்தமும் அப்படித்தான். இரண்டாமவன்: சரி, அழிந்தது அழிந்ததுதானே, ஏன் திரும்ப வரவேண்டும்? அவனுக்கு ‘மலத்து உளதாம்’: உயிரின் அழுக்குக் கழியவில்லை, அதற்காக வருகிறது. மூன்றாமவன் இன்னும் கெட்டிக்காரன்: செய்பவன் ஒருவன் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம், அவன் படைப்பவனாகவோ காப்பவனாகவோ ஏன் இருக்கக்கூடாது? அவனுக்கு ‘அந்தம் ஆதி’: எல்லாம் ஒடுங்கும்போது எஞ்சி நிற்பவன் எவனோ அவனிடமிருந்துதான் மறுபடி தொடங்க முடியும். மூன்று வரியில் மூன்று சண்டை. ஆட்களின் பேரைச் சொல்லாமல் இதை எந்த மொழியில் பெயர்த்தாலும் புகை மூட்டம்தான்.

வடமொழியிலும் இதே 12 சூத்திரங்கள் சுலோகமாக இருக்கின்றன, ரௌரவ ஆகமத்தைச் சேர்ந்தவை என்று மரபு சொல்லும். எது மூலம், எது பெயர்ப்பு என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மட்டும் மிகவும் பயன்படுகிறது. வடமொழிச் சுலோகம் பெண்ணில் ஆரம்பித்து ஆணுக்கு வருகிறது. ‘அஸ்தி கர்த்தா’, செய்பவன் உளன் என்று நேரே சொல்கிறது. ஹரன் என்று பேரையும் சொல்லிவிடுகிறது. மலம் அதில் இல்லை. ஆக, ஒன்று மற்றதன் பெயர்ப்பு என்றால், பெயர்த்தவர் இரண்டாமவனுடைய கேள்வியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார், அல்லது விட்டிருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் 13ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளருக்கு நம்மைவிட அதிகத் துணிச்சல் இருந்திருக்கிறது.

மூன்றாம் சூத்திரத்துக்கு வந்தபோதுதான் எங்கள் கூட்டம் உண்மையில் சூடு பிடித்தது. ஆன்மா உண்டு என்பதற்கான சூத்திரம் அது.

உளது இலது என்றலின் எனது உடல் என்றலின்
ஐம்புலன் ஒடுக்கம் அறிதலின் கண்படில்
உண்டிவினை இன்மையின் உணர்த்த உணர்தலின்
மாயா இயந்திர தனுவினுள் ஆன்மா

உரைகாரர்கள் இதிலே ஏழு காரணங்களையும் ஏழு எதிராளிகளையும் பிரித்துக் காட்டுகிறார்கள். ஆன்மா என்று ஒன்றுமே இல்லை என்கிற சூனியான்மவாதி, உடம்புதான் ஆன்மா என்கிற தேகான்மவாதி, புலன்கள்தான் என்பவன், மூச்சுத்தான் என்பவன், இப்படி. கடைசி ஆள் சமூகான்மவாதி. இவை எல்லாம் சேர்ந்த கூட்டுத்தான் ஆன்மா என்பவன். கூட்டத்தில் ஒரு பிள்ளை இதைச் சமுதாயத்தின் ஆன்மாவைப் பற்றிப் பேசுகிறவன் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நன்றாகவே பேசினான். தடுக்க மனம் வரவில்லை.

‘எனது உடல் என்றலின்’ என்பதை எல்லாரும் சொல்கிறமாதிரித்தான் நான் சொன்னேன். என் வீடு, என் சட்டை என்கிறோம்; வீடும் சட்டையும் நான் ஆகா. என் உடல் என்கிறோம். ஆகவே உடலும் நான் ஆகாது. தாத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: “மாஸ்டர், பொறந்ததுலேருந்து ‘எங்க லயம், எங்க காம்பரா’ன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கோம். லயம் எங்களுதா? தோட்டத்துது. ஒரு துண்டு உறுதி கையில இல்ல. வாயால ‘என்னுது’ன்னு சொல்றதுனால என்னா நிச்சயமாகும்?”

லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு, காம்பரா அதில் ஓர் அறை, உறுதி என்றால் காணிப் பத்திரம். எல்லாரும் சிரித்தோம், ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதில்லை. முதலில் பார்த்தால் இது மெய்கண்டாருக்கு உதவுகிறது. ‘என்னுது’ என்ற சொல் உரிமையைக் காட்டாவிட்டாலும் வேறாயிருப்பதைக் காட்டுகிறது. உடலும் கருவியும் உலகும் போகமும் மாயையிலிருந்து ஆக்கி உயிருக்குத் தரப்பட்டவை, அதுவும் தங்கிப் போவதற்கு, என்றுதானே சித்தாந்தமும் சொல்கிறது. பதில் சொல்லிவிட்டேன் என்று நினைத்தபோது தாத்தா அடுத்ததை எடுத்தார். “லயத்த விட்டு எறங்கி ரோட்டுல நின்னு லயத்தப் பாத்திருக்கேன். ஒடம்ப விட்டு எறங்கி நின்னு ஒடம்பப் பாத்தவன் யாரு?”

இதுதான் தேகான்மவாதி. எழுநூறு வருடமாக ஆள் இல்லாமல் கிடந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். இலக்கணத்தில் இதற்கு ஒரு பேர் உண்டு. ஆறாம் வேற்றுமையில் தற்கிழமை ஒன்று, பிறிதின்கிழமை ஒன்று. ‘மரத்தினது கிளை’ என்றால் கிளை மரத்துக்கு அந்நியமில்லை. ‘சாத்தனது வீடு’ என்றால் வீடு வேறு, சாத்தன் வேறு. ‘எனது உடல்’ எந்தக் கிழமை? பிறிதின்கிழமை என்று எடுத்தால் வாதம் நிற்கும், தற்கிழமை என்றால் விழும். ‘இராகுவினது தலை’ என்று ஒரு பழைய உதாரணம் உண்டு. இராகுவே வெறும் தலைதான், ஆனாலும் வேற்றுமை உருபு போட்டுச் சொல்கிறோம். மெய்கண்டார் வாழ்ந்த அதே நூற்றாண்டை ஒட்டித்தான் நன்னூலும் வருகிறது. இந்த நூல்களைப் படித்தவர்களுக்குத் தத்துவமும் இலக்கணமும் ஒரே திண்ணையில் கிடைத்தவை. சிவஞானபோதத்துக்கு 18ஆம் நூற்றாண்டில் மாபாடியம் என்ற பேருரை எழுதிய சிவஞான முனிவர்தான் தொல்காப்பிய முதற்சூத்திரத்துக்கும் விருத்தி எழுதினார். இலக்கணத்தை உருவிவிட்டு ‘உடல் வேறு நான் வேறு’ என்று எளிமையாக்கித் தந்தால் படிப்பவருக்கு வாதம் கிடைக்காது, முடிவு மட்டும்தான் கிடைக்கும்.

தாத்தாவின் கேள்விக்குச் சூத்திரத்திலேயே பதில் வருகிறது, அடுத்த காரணங்களில். கனவில் இந்த உடம்பு கட்டிலில் கிடக்க வேறோர் உடம்போடு திரிகிறோம், விழித்ததும் ‘கனவு கண்டேன்’ என்கிறோம். அந்த ஒடுக்கத்தை அறிந்தது எது? அதாவது ஏழு காரணங்களும் ஒரு பட்டியல் கிடையாது. ஒன்றுக்கு எதிராளி எழுந்து மறுத்தால் அடுத்தது வரும். ஏன் இந்த வரிசை என்பது தாத்தா கேட்ட பிறகுதான் எனக்கே சரியாகத் தெளிந்தது. அவருக்குக் கனவு வாதம் பிடிக்கவில்லை. “கனவுல நான் துரையா இருந்தேன், அதுக்கென்ன?” என்றார். மாபாடியத்தில் இதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சிங்களத்தில் இதே சூத்திரம் வேறு பள்ளத்தில் விழுந்தது. ‘இலது என்றலின்’ என்பதற்கு நான் சொன்ன விளக்கம், இது ஆன்மாவல்ல, இது ஆன்மாவல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு ‘இல்லை’ என்று சொல்கிற ஒருவன் இருக்கிறானே, அவன்தான் ஆன்மா என்பது. நண்பர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பாளியில் சொன்னார்: “நேதம் மம, நேசோஹமஸ்மி, ந மேசோ அத்தா.” இது எனதன்று, இது நானன்று, இது என் ஆன்மாவன்று. இசிபதனத்தில் ஐந்து பிக்குகளுக்குப் புத்தர் சொன்ன அனத்தலக்கண சுத்தம் என்ற உபதேசம். சின்ன வயதிலிருந்து பன்சலையில், பௌத்த கோயிலில், கேட்டு வளர்ந்த வரி அவருக்கு. “மல்லி, உங்கள் ஆளும் எங்கள் ஆளும் ஒரே படியில் ஏறுகிறார்கள். உங்கள் ஆள் மேலே போய் ஒருவனைப் பார்க்கிறார். எங்கள் ஆள் மேலே போய்ப் பார்க்கிறார், ஒருவரும் இல்லை.”

அதோடு விடவில்லை. தமிழ் வரியைச் சொல் சொல்லாகச் சொல்லச் சொன்னார். உளது. இலது. என்றலின். “இதில் சொல்கிற ஒருவன் எங்கே இருக்கிறான்? ‘சொல்லுதல்’ மட்டும்தானே இருக்கிறது?”

என்றல் தொழிற்பெயர். எழுவாய் கேட்காது. ‘இல்லை என்று சொல்லுதல் நிகழ்வதால்’ என்பதுதான் மெய்கண்டாரின் வரி. சிங்களத்தில் ‘கியன கெனெக்’ என்று போட்டால், சொல்கிற ஒருவன் உள்ளே வந்துவிடுகிறான். தமிழ் எளிய உரைகளைத் திருப்பிப் பார்த்தேன். கையில் இருந்த எல்லாவற்றிலும் ‘இல்லை என்று கூறும் ஒருவன் இருப்பதால்’ என்றே இருந்தது. நிறுவவேண்டியதை முதல் சொல்லிலேயே வைத்துக்கொண்டு நிறுவுகிறார்கள். மெய்கண்டார் அப்படிச் செய்யவில்லை. சொல்லுதல், சொல்லுதல், அறிதல், இன்மை, உணர்தல் என்று நிகழ்ச்சிகளை மட்டும் அடுக்கிக்கொண்டுபோய்க் கடைசி வரியின் கடைசிச் சொல்லாகத்தான் ‘ஆன்மா’வை வைக்கிறார். நிகழ்ச்சிகளிலிருந்து ஆளுக்குப் போகிற அந்தத் தாவலைப் பௌத்தர் ஒத்துக்கொள்ளமாட்டார், அது வேறு. தாவல் எந்த இடத்தில் நடக்கிறது என்று அவர் மறைக்கவில்லை. நாம்தான் எளிமை என்ற பேரில் மறைத்துவிட்டோம். இதைப் பிடித்தது ஆன்மாவை நம்பாத ஒருவர் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் எதிராளிகளுக்கென்றே பரபக்கம் என்று ஒரு பாகம் ஒதுக்கினார். உலகாயதன் என்ற பொருள்முதல்வாதி முதல் பாஞ்சராத்திரி என்ற வைணவன் வரை ஒவ்வொருவர் கொள்கையையும் சொல்லி மறுக்கிறார். பௌத்தரில் நான்கு பேர்: சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர். நண்பர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “எங்களை ஒருவரும் கூப்பிடவே இல்லையே” என்றார். இலங்கைப் பௌத்தமான தேரவாதம் அதில் இல்லை. சோழ நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவே தேரவாத பிக்குகள் போய்வந்த காலம் அது. ரூபசித்தி என்ற பாளி இலக்கணத்தை எழுதிய புத்தப்பிய தேரர் சோழ நாட்டோடு தொடர்புடையவர். பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டில் சாரிபுத்த தேரர் அபிதம்மத்த சங்கஹ என்ற பாளி நூலுக்குச் சொல்லுக்குச் சொல் சிங்கள உரை, சன்னய என்பார்கள், எழுதியிருந்தார். பக்கத்திலேயே ஆட்கள் இருந்தும் அருணந்தி எதிராளியை வடமொழி நூல்களின் பட்டியலிலிருந்து எடுத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆகவே பரபக்கத்தின் பௌத்தரை இன்றைய இலங்கைப் பௌத்தர் என்று எண்ணிக்கொண்டு மேடையில் மேற்கோள் காட்டுகிறவர்கள் வேறொருவரை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழில் எதிராளியின் குரல் கிடைப்பதே பெரும்பாலும் அவனை மறுத்தவன் வழியாகத்தான். குண்டலகேசி என்ற பௌத்த காப்பியம் போய்விட்டது. அதில் மிஞ்சியவற்றில் பல பாட்டுகள் அதை மறுத்த நீலகேசிக்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையால் தப்பின. அவர் சமணர். மறுப்பதற்காக எடுத்துக்காட்டியது காப்பாற்றியதாக முடிந்தது. ஆனால் மறுப்பவன் தனக்கு வசதியான பாட்டைத்தானே எடுப்பான்? ஆசீவகர், உலகாயதர் எல்லாருக்கும் இதே கதைதான். பகையாளி எழுதிவைத்த சுருக்கத்தை நாம் அவர்கள் கொள்கை என்று பாடம் படிக்கிறோம்.

கண்டிப் பக்கம் போனால் பிலிமத்தலாவையில் இறங்கிக் கடலாதெனிய விகாரைக்குப் போவது எனக்குப் பிடித்த பழக்கம். 1344இல் கட்டியது. கட்டிய சிற்பியின் பேர் கணேசுவராசாரி. தென்னாட்டுக் கோயில் அமைப்பில் கல்லால் எழுப்பிய புத்த விகாரை. கொஞ்ச தூரத்தில் லங்காதிலக, அங்கே பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. விகாரைக்குக் கொடுத்த நிலபுலன்களின் விவரம். வயலும் எல்லையும் எந்த மொழியிலும் வயலும் எல்லையும்தான், பெயர்ப்பவருக்குத் தலைவலி இருந்திருக்காது. மெய்கண்டார் மரபில் வந்த உமாபதி சிவாசாரியார் சிதம்பரத்தில், பிறர் கொள்கைகளை மறுக்கிற சங்கற்ப நிராகரணம் எழுதியது 1313இல். அந்த நூலும் இந்த விகாரையும் ஒரே தலைமுறை. கணேசுவராசாரியோடு வந்த கல்தச்சர்கள் இராத்திரியில் பிக்குகளோடு உட்கார்ந்து என்ன பேசியிருப்பார்கள், ஆன்மாவைப் பற்றி யாராவது வாய் திறந்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன். அப்படி ஒரு பேச்சு நடந்திருந்தால் பரபக்கத்தைவிட அது நல்ல நூலாக வந்திருக்கும். இது என் ஆசை, சரித்திரம் இல்லை.

உரைகாரர்களை விட்டுவிட்டு மூலத்துக்கே போவோம் என்று இளையவர்கள் சொல்வார்கள். போகலாம், ஆனால் கதவு அவர்கள் கையில் இருக்கிறது. சித்தியாரில் தன் கொள்கையைச் சொல்கிற பாகமான சுபக்கத்துக்கு ஆறு உரைகள். அவற்றில் ஒன்றை எழுதியவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாசர். பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர், காலத்தில் வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கேட்ட பசுவைக் கொடுக்க மனமில்லாமல் ஊரைவிட்டுப் போய், கௌட தேசம் என்கிற வங்காளத்தில் வடமொழி கற்று, சிதம்பரத்தில் தங்கினார் என்பது மரபுக் கதை. அங்கே அவர் பேரில் குளம் இருக்கிறது. முத்தியில் உயிர் சிவனுக்குச் சமமாகிறது என்கிற பக்கம் சாய்ந்து உரை எழுதினார். சிவஞான முனிவருக்கு அது பொறுக்கவில்லை. சிவசமவாதவுரை மறுப்பு என்று தனி நூலே எழுதினார். முனிவர் 1785இல் மறைந்தார். மெய்கண்டாருக்கும் அவருக்கும் நடுவே ஐந்நூறு வருடம். இன்றைக்குச் சிவஞானபோதம் என்று நாம் படிப்பதில் பாதி, முனிவர் கண்ணால் பார்த்த சிவஞானபோதம்.

இரண்டாம் சூத்திரத்தின் ‘அவையே தானே ஆய்’ என்ற தொடரை எடுங்கள். அவையே ஆய், தானே ஆய், அவையே தானே ஆய் என்று முனிவர் மூன்றாக விரிக்கிறார்: கலப்பால் ஒன்று, பொருளால் வேறு, உடனாய் நிற்றல். அழகு. ஒருமுறை கேட்டுவிட்டால் அந்த மூன்று சொல்லை வேறு மாதிரிப் படிக்கவே முடியாது. அதனால்தான் கூட்டத்தில் முனிவரைக் கடைசியாகத் திறப்பது என்று வைத்திருக்கிறோம். முதலில் திறந்தால் அவரே பேசி முடித்துவிடுவார், பிள்ளைகள் தலையாட்டுவார்கள். டீச்சருக்கு இது பிடிக்கவில்லை. பரீட்சைக்குப் படிப்பிக்கிறவருக்கு முனிவர் வேண்டும், அதுவும் நியாயம்தான்.

மலையகத்தில் இந்த நூல்களைப் படிக்கும்போது வருகிற இன்னொரு இழுப்பு, எல்லாவற்றையும் நம் கதையாகப் படிப்பது. உமாபதி சிவாசாரியாரைப் பற்றி ஒரு கதை உண்டு. பெற்றான் சாம்பான் என்ற விறகு கொண்டுவரும் ஏழைக்குத் தீட்சை கொடுக்கச் சொல்லிச் சிற்றம்பலவனே கைச்சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினான், அவர் கொடுத்தார் என்பது. அந்தச் சீட்டுக் கவி ‘பெற்றான் சாம்பானுக்குப் பேதமறத் தீக்கை செய்து முத்தி கொடுக்க முறை’ என்று முடியும். கைச்சீட்டு என்றதுமே தாத்தாவின் சம்பந்தி, “துண்டு மாதிரி” என்றார். அறையில் எல்லாருக்கும் அது என்னவென்று தெரியும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக, கடன் விவரத்தோடு கொடுக்கும் துண்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதியமாட்டார்கள். 1921இல் ஒழித்தார்கள். “சாமிகிட்டப் போறதுக்கும் துண்டு கேட்டிருக்கானுங்க” என்றார்.

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ‘பேதமற’ என்பதற்கு இரண்டு பொருள் கூடும். சாதி பேதம் பாராமல் என்று எடுக்கலாம். உயிருக்கும் சிவனுக்கும் இடையே பேதம் நீங்கும்படி என்றும் எடுக்கலாம், முத்தியைப் பற்றிய பாட்டில் அது இயல்பானதுதான். முதல் பொருளைத்தான் எங்கள் கூட்டம் விரும்பும், நானும் விரும்புவேன். அதற்காக இரண்டாவதைக் கண்ணில் காட்டாமல் விட்டால் எளிய உரைக்காரர்கள் ‘ஒருவன்’ போட்டதைப் போலத்தான் ஆகும். ஆகவே இரண்டையும் எழுதினோம். சம்பந்தியின் பேச்சையும் குறிப்பில் சேர்க்கவேண்டும் என்று டீச்சர் பிடிவாதம் பிடித்தார். சேர்த்தோம். அது உரை அல்ல என்று நண்பர் சொன்னார். அவதாரிகை, அதாவது முன்னுரை, என்று போட்டுக்கொள்ளலாம், யார் தடுப்பது?

சிவஞானபோதத்தை முதலில் ஆங்கிலத்தில் ஆக்கியவரும் இலங்கையில் இருந்துதான் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. ஹொய்சிங்டன் என்ற அமெரிக்க மிஷனரி, வட்டுக்கோட்டை செமினரியில் இருந்தவர். 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்த ஒருவர் எதிராளியின் நூலை உட்கார்ந்து பெயர்த்திருக்கிறார். அவருடைய நோக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை, உழைப்பை மறுக்கமுடியாது. எதிராளியாக வந்து படிக்கிறவன் வாதத்தைக் கவனமாகப் படிப்பான் என்பதற்கு எங்கள் அறையிலேயே ஆள் இருக்கிறார்.

சிங்களப் பிரதியில் இப்போதைக்குச் செய்திருப்பது இதுதான்: ஒவ்வொரு காரணத்துக்கும் மேலே, யாருக்குச் சொன்னது என்று பேரும் அவன் கேள்வியும். கேள்வி நம் சொல்லில், பதில் மெய்கண்டார் சொல்லில். மூன்றாம் சூத்திரத்தின் முதல் காரணத்துக்கு மேலே ‘சூனியான்மவாதி’ என்று போட்டதை நண்பர் அடித்துவிட்டு ‘மாத்தியமிகர்’ என்று எழுதினார், தேரவாதியை அதில் சேர்க்க விடமாட்டாராம். நான் மறுபடி மாற்றினேன். அந்த இடம் இன்னும் அடித்தலும் திருத்தலுமாகத்தான் இருக்கிறது. அடுத்தது நாலாம் சூத்திரம். ‘அமைச்சு அரசு ஏய்ப்ப’, கருவிகளோடு இருக்கும் உயிரை அமைச்சரோடு இருக்கும் அரசனுக்கு ஒப்பிடுகிறது. துரையும் கணக்கப்பிள்ளையும் என்று எழுதிவிடலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். தாத்தா வேண்டாம் என்றுவிட்டார். கணக்கப்பிள்ளை இல்லாவிட்டால் துரைக்கு ஒன்றும் தெரியாது என்பது வரைக்கும் பொருந்துமாம். ஆனால் அந்தச் சூத்திரத்தில் அரசனுக்கு ஒரு நாள் மலம் கழியப்போகிறது, துரைக்கு அப்படி ஒன்றும் அவர் பார்த்ததில்லையாம்.